பாதி வழியில் நின்றுபோன பயணம்

வாசகர் கேள்விகளுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஜாதகம், கால்வலி, மருமகள் பிரச்சினை எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மாதம் பயணக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, "2001 செப்டம்பர் 11 அன்று நான் லண்டன் விமான நிலையத்தில் இருந்தேன்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என் மகளுக்குப் பள்ளியில் அந்தப் பாடம் வருகிறது. அன்று உங்களுக்கு என்ன நடந்தது? அவ்வளவு பேர் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் சொந்தப் பயணத்தைப் பற்றிக் கவலைப்படத் தோன்றியதா?
— வாசகி, லெனேசியா

தோன்றியது. பெட்டி எங்கே என்று தோன்றியது. பசித்தது. செருப்பு கடித்தது. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாமல் வெட்கமாகவும் இருந்தது.

டொரண்டோவில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து இரவு விமானத்தில் லண்டன், லண்டனிலிருந்து பிற்பகல் மூன்றரைக்கு டொரண்டோ. அப்போது நான் கிரே தெருவில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். (இப்போது அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுப் தாதூ பெயர். ஆனாலும் நாங்கள் கிரே தெரு என்றுதான் சொல்கிறோம்.) ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் எனக்கென்று போட்டுக்கொண்ட முதல் பெரிய பயணம் அது. பெட்டியில் பட்டுப்புடவைகள், மாமியார் சுட்ட முறுக்கு, விக்டோரியா தெரு மார்க்கெட் மசாலாப் பொடி. அந்த மார்க்கெட்டில் மாமியாரையே ஒழித்துக்கட்டும் என்று பெயர் எழுதி ஒரு காரப்பொடி விற்பார்கள், போனவர்களுக்குத் தெரியும். அதை என் மாமியாரே சிரித்துக்கொண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

முதல் விமானம் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதியபோது நியூயார்க்கில் காலை 8:46. லண்டனில் பகல் 1:46. நம் ஊரில் 2:46, செவ்வாய்க்கிழமை. மகளுக்கு இந்த மூன்று நேரத்தையும் சொல்லிக் கொடுங்கள். ஒரே நொடி, ஒருவருக்குக் காலை காபி, ஒருவருக்கு மதியச் சாப்பாடு, ஒருவருக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேளை.

நான் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே மதுக்கடையில் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் சேர்ந்தது. கால்பந்து என்றுதான் நினைத்தேன். யாருமே கத்தவில்லை, அதுதான் விசித்திரமாக இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது இரண்டு கோபுரங்களும் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் கையில் பீர் கோப்பையைப் பிடித்தபடியே நின்றார், குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அறிவிப்புப் பலகையில் அமெரிக்க ஊர்களின் பெயருக்கு நேராக "தாமதம்" என்று வந்தது. லண்டன் நேரம் 2:45 வாக்கில் அமெரிக்கா தன் வானத்தில் இருந்த எல்லாப் பயணிகள் விமானங்களையும் கிடைத்த இடத்தில் இறங்கச் சொல்லிவிட்டது. அட்லாண்டிக் கடலைப் பாதிக்கு மேல் தாண்டிவிட்ட விமானங்கள் கனடாவில் இறங்கின. மற்றவை வந்த வழியே திரும்பின. "தாமதம்" எல்லாம் "ரத்து" ஆயிற்று. டொரண்டோவும் அதில் போயிற்று.

உடனே தொலைபேசிக்கு ஓடினேன். அப்போது எல்லார் கையிலும் போன் கிடையாது, கார்டு தேய்த்துப் பேசும் பெட்டிகள்தான். அமெரிக்காவுக்கு யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. டர்பனுக்குக் கிடைத்தது. மாமியார்தான் எடுத்தார். "எங்க இருக்கே" என்றுகூடக் கேட்கவில்லை.

"தரையில இருக்கியா?"

"தரையிலதான் இருக்கேன் அத்தை, லண்டன்ல."

"மூன்றரை தாண்டிடுச்சே, நீ மேலயில்ல போயிருக்கணும்!"

விஷயம் என்னவென்றால், கிளம்பும்போது என் பயண நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அத்தை அதைச் சாமி விளக்குக்கு அடியில் வைத்திருந்தார். லோட்டஸ் எஃப்எம் வானொலியில் செய்தி வந்ததும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். லண்டனில் மூன்றரை மணிக்குப் புறப்பாடு என்று அவன் சரியாகத்தான் படித்தான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை தாண்டியிருந்தது. ஆனால் அது டர்பன் கடிகாரம், லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது. அந்தக் கொஞ்ச நேரம் என் வீட்டைப் பொறுத்தவரை நான் அமெரிக்காவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தேன். மாமனாருக்கு டொரண்டோவும் நியூயார்க்கும் சாட்ஸ்வர்த்தும் மெரிபேங்க்கும்போல அடுத்தடுத்த ஊர்கள். அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாராம், உள்ளே வரமாட்டேன் என்று. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் நான் கொடுத்த ஒவ்வொரு பயணத்தாளிலும் அந்தந்த ஊர் நேரத்துக்குப் பக்கத்தில் வீட்டு நேரத்தையும் கையால் எழுதினேன். கணினி வந்த பிறகும் எழுதினேன். முதலாளி கிண்டல் செய்வார்.

அப்புறம் எங்களைப் பெட்டி எடுக்கும் கூடத்துக்கு அனுப்பினார்கள். மதியம் நியூயார்க்குக்குப் புறப்பட்டுப் போனவர்கள் அங்கே வந்து சேரத் தொடங்கினார்கள், பாதிக் கடலிலிருந்து திரும்பியவர்கள். அமெரிக்க வான்வெளி மூடப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். எங்களைப் பார்த்து, "என்ன ஆச்சு, ஸ்டிரைக்கா?" என்று கேட்டார்கள். தரையில் இருந்த எங்களுக்கு எல்லாம் தெரியும், வானத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எப்படிச் சொல்வது?

என்னிடம் கேட்டவர் நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊருக்கு மகன் வீட்டுக்குப் போகிற ஒரு குஜராத்தி அம்மா. எனக்கு இந்தி அரைகுறை. மகனுக்கு எங்கே வேலை என்று கேட்டேன். "மேன்ஹாட்டன், பெரிய கட்டிடம்" என்றார். எந்தக் கட்டிடம் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கோபுரமும் அதற்குள் விழுந்துவிட்டிருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. நியூயார்க்கில் தீ விபத்து, போன் வேலை செய்யவில்லை, விடாமல் அடித்துப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிக் கூடவே உட்கார்ந்தேன். பொய்யென்றால் பொய்தான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லாத ஒருவரிடம், பெட்டி சுற்றும் பட்டைக்கு முன்னால் நிற்கவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. இரவு வெகு நேரம் கழித்து எடிசன் லைன் கிடைத்தது. மகன் படகில் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்கு வந்துவிட்டான் என்று மருமகள் சொன்னாள். அன்று மேன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து படகுகளில் தப்பி வந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று பிறகு படித்தேன். அந்த அம்மாவின் மகன் அவர்களில் ஒருவன்.

தங்க இடம்? கவுண்டரில் விடுதி எல்லாம் நிரம்பிவிட்டது என்று கைவிரித்தார்கள். தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் என் நெற்றியையும் புடவையையும் பார்த்துவிட்டு நின்றாள்.

"அக்கா தமிழோ?"

யாழ்ப்பாணத்துப் பெண். ஹவுன்ஸ்லோவில் வீடு. "எங்கட வீட்ட வாங்கோ, இடம் சின்னன்தான்" என்றாள். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று நான் தயங்கியபோது, அதற்குச் சரியாக ஏழு வாரத்துக்கு முன்னால், ஜூலை 24 அன்று, இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட கதையைச் சொன்னாள். அவள் தம்பி அன்றைக்கு அங்கே விமானம் ஏற வேண்டியவனாம். அவனை யாரோ ஒரு சிங்களக் குடும்பம் வீட்டில் வைத்துச் சோறு போட்டார்களாம். "அந்தக் கடன் இருக்கு அக்கா" என்றாள். வேறு பேச்சே இல்லாமல் போனேன்.

அவள் வீட்டில் புட்டும் மீன்குழம்பும். செவ்வாய்க்கிழமை நான் மீன் தொடமாட்டேன். ஊரே செத்துக் கிடக்கிறது, இந்த நாளில் போய்ச் செவ்வாய்க்கிழமை விரதம் என்று எப்படி வாயைத் திறப்பது? சும்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே புரிந்துகொண்டு சம்பலை நகர்த்தி வைத்தாள். அன்று செத்தவர்கள் 2,977 பேர், 90க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள். அந்த எண்ணிக்கை அப்போது யாருக்கும் தெரியாது, பல்லாயிரம் என்றுதான் பேச்சு. ஆனாலும் எனக்கு இரண்டாம் முறை புட்டு கேட்கத் தோன்றியது, கேட்டும் வாங்கினேன். லெனேசியா சகோதரிக்கு இதுதான் என் பதில்: பெரிய துக்கம் வந்தால் சின்னக் கவலை போய்விடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். போகாது. இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். பசித்தால் சாப்பிடலாம், பெட்டியைத் தேடலாம், தப்பில்லை. கவுண்டரில் நிற்கிற பிள்ளையிடம் கத்துவதுதான் தப்பு. அதுவும் அன்று நிறைய நடந்தது.

கல்யாணம்? டொரண்டோவில் தாலி கட்டிய நேரத்தில் நான் ஹவுன்ஸ்லோவில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். விமானங்கள் ஓடத் தொடங்கியதும் முன்னால் போகாமல் ஊருக்கே திரும்பிவிட்டேன். புரட்டாசி பிறக்கிற சமயம், அத்தை காத்துக்கொண்டிருந்தார். முறுக்கை யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பிள்ளைகள் தின்றார்கள். காரப்பொடியும் அங்கேயே.

அக்கா, அதுபோல இன்றைக்கு லண்டனில் மாட்டிக்கொண்டால் யார் வீட்டுக்காவது போய்த் தங்க முடியுமா? அடுத்த மாதம் லண்டன் வழியாகப் போகிறேன். எதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?
— வாசகர், பீனிக்ஸ் (டர்பன்)

முடியாது தம்பி, விசா இல்லாமல் முடியாது. 2001இல் தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டைக் காட்டினால் லண்டனில் முத்திரை குத்தி உள்ளே விட்டுவிடுவார்கள். 2009இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நான் அதே நிலையில் நின்றால் அந்தப் பெண் கூப்பிட்டாலும் போக முடியாது, கூடத்தில் நாற்காலியில்தான் படுக்க வேண்டும். ஆகவே டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த ஊரில் மாறுகிறீர்களோ அந்த ஊருக்குள் நம் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நுழைய முடியுமா என்று பாருங்கள். ஐந்நூறு ராண்ட் மிச்சம் என்று ஒரு வழியைப் பிடித்து, அங்கே வெளியே கால் வைக்க முடியாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சாதகமாகவும் மாறியிருக்கிறது. 2001இல் விமான நிறுவனம் சோறு போட்டால் புண்ணியம், போடாவிட்டால் போச்சு. 2005 முதல் ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது, ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு பிரிட்டனும் அதையே வைத்துக்கொண்டது. அங்கிருந்து புறப்படும் விமானம் ரத்தானால், காரணம் யார் கையிலும் இல்லாத பேரிடராக இருந்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தாக வேண்டும். நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் பராமரிப்பு உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள். நீங்களே செலவு செய்ய நேர்ந்தால் ரசீதுகளைக் கசக்கித் தூக்கிப் போடாதீர்கள்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடுத்துவிடுங்கள். செய்தியில் வந்த பிறகு எடுத்தால் "தெரிந்த நிகழ்வு" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். போருக்குப் பெரும்பாலும் காப்பீடே கிடையாது, சின்ன எழுத்தைப் படியுங்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தச் சின்ன எழுத்தை முதல்முறையாகப் படித்தார்கள்!

சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை கைப்பையில். இதை நான் சொல்லாத மாதமே இல்லை. நம் டர்பனில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பெரிய பெட்டி விமானத்தின் வயிற்றில் மாட்டிக்கொண்டால் இன்சுலினும் அதோடு மாட்டிக்கொள்ளும். மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றும் கூட இருக்கட்டும்.

புரட்டாசியில் விமானத்தில் போகிறேன். சைவச் சாப்பாடு என்று கேட்டால் வெறும் இலைதழையைக் கொடுக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வெறும் "சைவம்" என்று சொன்னால் வெள்ளைக்காரச் சைவம்தான் வரும். "ஆசிய சைவம்" அல்லது "இந்திய சைவம்" என்று பதிவில் குறிக்கச் சொல்லுங்கள், குறைந்தது 24 மணி நேரம் முன்னால். இடையில் விமானம் மாறினால் அடுத்த விமானத்துக்கும் அது போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் பையில் கொஞ்சம் அவல் உப்புமா.

2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிய கையோடு உலகமே வேறு பேச்சுக்குப் போய்விட்டது என்று என் பெரியப்பா வருத்தப்படுவார். நீங்கள் அப்போது டர்பனில் இருந்தீர்களா?
— வாசகர், மதுரை

இருந்தேன், அந்த மாநாட்டு வேலையால்தான் என் கல்யாணப் பயணமே தள்ளிப்போனது! ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை நடந்தது. ஒரு நாள் முன்பே முடிய வேண்டியது, இழுத்துக்கொண்டே போனது. கிரே தெருவில் எங்கள் அலுவலகத்தில் டிக்கெட் தேதியை மாற்றித் தரச் சொல்லி வரிசை நின்றது. அமெரிக்கத் தூதுக்குழுவும் இஸ்ரேல் தூதுக்குழுவும் செப்டம்பர் 3 அன்றே எழுந்து போய்விட்டன. பத்திரிகைகள் அதையேதான் எழுதின.

உங்கள் பெரியப்பாவின் ஆட்கள் வேறு ஒரு காரணத்துக்காக வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் பெரும் எண்ணிக்கையில் வந்தன. சாதியையும் அந்த மாநாட்டுத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இந்திய அரசு அதை எதிர்த்தது. முடிவில் வந்த பிரகடனத்தில் சாதி இல்லை. பறை அடித்துக்கொண்டு அவர்கள் டர்பன் தெருவில் ஊர்வலம் போனதை நான் அலுவலக மாடியிலிருந்து பார்த்தேன். கீழே நின்ற என் சக ஊழியை, 1860இல் ட்ரூரோ கப்பலோடு தொடங்கி இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் கொள்ளுப்பேத்தி, "இவங்க எதுக்குப் போராடுறாங்க?" என்று என்னைக் கேட்டாள். கும்பகோணத்தில் பிறந்த எனக்கு அதை அவளுக்கு விளக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

மாநாடு முடிந்த மூன்றாம் நாள் கோபுரங்கள் விழுந்தன. உங்கள் பெரியப்பா சொல்வது சரிதான். அங்கே வென்றதையும் தோற்றதையும் எழுதுவதற்கு ஒரு பத்திரிகையிலும் இடம் மிஞ்சவில்லை. பெருந்துயரம் என்பது நடந்த இடத்தில் மட்டும் நடப்பதில்லை. அதே வாரத்தில் வேறு எங்கோ பேச வந்தவர்களின் ஒலிபெருக்கியையும் அது அணைத்துவிடுகிறது. அந்தக் குழுவில் வந்த ஒருவர் லண்டனில் எனக்கு முந்தின நாள் இறங்கிப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. பார்த்திருந்தால் பேசியிருக்கலாம்.

கூடுதலாக ஒரு தகவல், பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் இந்தியக் கடவுச்சீட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்றே அச்சிட்டிருப்பார்கள். 1993இல் இரு நாட்டு உறவு திரும்பிய பிறகுதான் என்னைப் போன்றவர்கள் மருமகளாக இங்கே வர முடிந்தது. மதுரையிலிருந்து டர்பனுக்கு ஒரு கூட்டம் வந்து பறை அடித்ததே அதற்கு எட்டு வருடத்துக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

2021 நவம்பரில் நான் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறந்துகொண்டிருந்தபோதே கொரோனா பயணத் தடை வந்துவிட்டது. இறங்கியதும் மணிக்கணக்காக ஓடுபாதையில் உட்கார வைத்தார்கள். குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இன்னும் ஆறவில்லை. ஆறுமா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

ஆற வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை. நவம்பர் 25 அன்று நம் விஞ்ஞானிகள் புதிய வகை கொரோனா வந்திருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் முன்னால் நின்றவர் துலியோ டி ஒலிவேரா. இங்கே டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்து மரபணு ஆய்வு மையத்தைக் கட்டியவர். மறுநாளே கதவுகள் அடைபட்டன. 26ஆம் தேதி இரண்டு விமானங்களில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கியவர்கள் சுமார் 600 பேர், அவர்களில் 61 பேருக்குத் தொற்று என்று வந்தது. அந்த 61ஐத்தான் உலகம் முழுக்கச் சொன்னார்கள். எந்தத் தொற்றும் இல்லாத உங்களைப் போன்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேரைப் பற்றி யாரும் பேசவில்லை.

சோதனை செய்தது சரி. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கொடுக்காமல், என்ன நடக்கிறது என்றும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு எந்தக் கிருமியும் காரணம் இல்லை. உண்மையைச் சீக்கிரம் சொன்னதற்கு நமக்குக் கிடைத்த பரிசு அது. கோபம் இருக்கட்டும். ஆனால் அடுத்த விமானத்தை அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மகள் அங்கே பேறுகாலத்துக்குக் காத்திருக்கிறாள் என்று கடிதத்தின் கீழே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கிங் ஷாகா விமான நிலையம். கனடாவில் ஒரு சின்ன ஊர் விமானப் பயணிகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றியதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு நாள் இங்கே வந்தால் நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, டொங்காட்

அந்த ஊர் கேண்டர், நியூபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று 200க்கும் மேற்பட்ட விமானங்கள் கனடாவில் இறங்கின, அவற்றில் 38 பெரிய விமானங்கள் அங்கே. வந்தவர்கள் சுமார் 6,600 பேர். ஊரின் மொத்த ஜனத்தொகையே 10,000 அளவுதான். அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், அதை விட்டுவிட்டு வந்து வண்டி ஓட்டினார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், மண்டபம், வீடு என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். விமானத்தின் அடித்தட்டில் இருந்த நாய் பூனைகளுக்கும், மிருகக்காட்சி சாலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு குரங்குகளுக்கும்கூட யாரோ போய்ச் சாப்பாடு வைத்தார்கள். அந்தக் குரங்கு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கிங் ஷாகா 2010இல் திறந்தபோது இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்று டர்பன்காரர்கள் முணுமுணுத்தோம். உங்களுக்கு அது வாசல்படி. உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் எனக்குத் தகுதி கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாளியும் கையுமாகச் சமாளித்தவர்கள் நீங்கள். கோயில் மண்டபத்தில் அண்டா வைத்து நூறு பேருக்குச் சமைப்பது எப்படி என்று ஆடிக் கூழ் ஊற்றுகிற ஊருக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

ஆனாலும் மாட்டிக்கொண்டு நின்றவள் என்ற முறையில் சிலதைச் சொல்கிறேன். வந்தவர்களுக்கு முதலில் தேவை போன். இப்போது சார்ஜர், விதவிதமான முனைகளோடு. நம் மூன்று முனைப் பெரிய பிளக் உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் கிடையாது, அதற்கு மாற்றி வேண்டும். அடுத்து குளியல், மாற்றுத் துணி, உள்ளாடை. உள்ளாடையை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், கேட்காமலே வாங்கி வைக்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியை ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அவர்கள் கேட்டால் போடுங்கள். ஹவுன்ஸ்லோ வீட்டில் அந்தப் பெண் துணியைப் போட்டுத் தொலைக்காட்சியை மூடி வைத்திருந்தாள், பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று. எனக்கும் அது உதவியாக இருந்தது.

தூங்க விடுங்கள். உபசாரம் என்ற பெயரில் அரை மணிக்கு ஒருதரம் டீ கொண்டுபோகிற வழக்கம் நமக்கு உண்டு.

சாப்பாட்டுக்குப் பருப்பும் சோறும் ரொட்டியும் போதும். மட்டன் கறியை டர்பன் காரத்தில் வைத்துவிடாதீர்கள் தங்கச்சி, பாவம், ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார்கள்.